எவ்வளவு தூங்கினாலும் தீராத பகல் தூக்கம்... சோம்பலா, நார்கோலெப்ஸியா?

செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குப் புறப்படும் அதிகாலை மின்சார ரயிலில், யாரும் தூங்காத பெட்டியைப் பார்ப்பது கஷ்டம். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தவர், பையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்தவர், நின்றபடியே கண்ணயர்ந்தவர் எனப் பலரைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலானோரின் தூக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரவு 11 மணிக்குப் படுத்து, 4 மணிக்கு எழுந்து, சமைத்து, ஓடிவந்து ரயில் பிடித்தவர்கள் அவர்கள். நாலைந்து நாள் நன்றாகத் தூங்கினால் தெளிந்துவிடுவார்கள்.

கணக்கில் வராத தூக்கமும் ஒன்று உண்டு. இரவு 8 மணி நேரம் படுத்து எழுந்தவருக்கு, காலை 10 மணிக்கே கண் சொருகும். கால் மணி நேரம் தூங்கி எழுந்தால் தெளிவாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் அதே தூக்கம் வந்து நிற்கும். விடுமுறை நாளிலும் இதே கதைதான். இப்படியே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போகும்.

இவர்களுக்குப் பட்டப்பெயர்கள் சீக்கிரமே கிடைத்துவிடுகின்றன. வீட்டில் கும்பகர்ணன், வகுப்பில் தூங்குமூஞ்சி, வேலையிடத்தில் சோம்பேறி. இது நோயாக இருந்தால் அதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர்தான் தாமதமாகக் கிடைக்கிறது. அந்தப் பெயர், நார்கோலெப்ஸி. முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து நோய் உறுதியாகும்வரை பல ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த இடைவெளியில் படிப்பு போகிறது, வேலை போகிறது, சில நேரம் சாலையில் உயிரும் போகிறது.

எத்தனை பேருக்கு?

ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 25 முதல் 50 பேருக்கு நார்கோலெப்ஸி இருக்கலாம் என்பது உலக அளவில் சொல்லப்படும் விகிதம். செங்கல்பட்டு மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 25 லட்சம். உலக விகிதத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 600 முதல் 1,250 பேர் வரை இருக்கக்கூடும். இது கைக்கணக்குதான், மாவட்டத்தில் எடுத்த ஆய்வு கிடையாது. ஆனாலும், 'கேள்விப்படாத நோய், நமக்கெல்லாம் வராது' என்று ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை இது.

இந்தப் பகுதியின் பிழைப்பும் அப்படி. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, மறுபக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, இரண்டிலும் நிற்காத வாகனங்கள். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி பக்கம் ஷிஃப்ட் வேலை. மாமல்லபுரத்தில் கல் அறுக்கும் மெஷினும் உளியும். கரையோரக் குப்பங்களிலிருந்து இருட்டிலேயே கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகள். ஒரு நொடி கண் அசந்தால் விலை அதிகமாகிவிடும் வேலைகள் இவை.

மூளையில் என்ன நடக்கிறது?

'நார்கோலெப்ஸி' என்ற பெயரை 1880-ல் வைத்தவர் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர். அவரிடம் வந்தவர் ஒயின் பீப்பாய் வியாபாரி. அடிக்கடி தூக்கம் வந்து விழுவதுதான் அவருடைய பிரச்னை. காரணம் புரிய அதற்குப் பிறகு 100 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள சில நரம்பு செல்கள் ஓரெக்ஸின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் தூண் என்று இதைச் சொல்லலாம். 1998-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. அதனால்தான் இதற்கு ஹைப்போகிரெட்டின் என்று இன்னொரு பெயரும் உண்டு. அடுத்த ஆண்டே, நார்கோலெப்ஸி உள்ள டாபர்மேன் நாய்களை ஆராய்ந்த அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, இந்த வேதிப்பொருளின் சமிக்ஞையை வாங்கும் மரபணுவில் கோளாறு இருப்பதைக் காட்டியது. மனிதர்களிடம், நார்கோலெப்ஸியின் முதல் வகையில் ஓரெக்ஸின் சுரக்கும் செல்களே பெரும்பாலும் அழிந்துபோயிருப்பது பிறகு தெரியவந்தது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அந்த செல்களைத் தவறுதலாகத் தாக்குவதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தூண் இல்லாத கூரைபோல விழிப்பு நிலைக்காமல் சரிகிறது. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவிலுள்ள கதவு சரியாகச் சாத்தப்படுவதில்லை. பொதுவாக, கனவுகள் அதிகம் வரும் 'ரெம்' தூக்கம், நாம் தூங்கி ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வரும். நார்கோலெப்ஸி உள்ளவர்களுக்குக் கண் மூடிய 15 நிமிடங்களுக்குள்ளேயே வந்துவிடலாம். மற்ற அறிகுறிகளில் பலவும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

பரம்பரை நோயா என்ற கேள்வி வரும். அப்பா, அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 1 முதல் 2 சதவிகிதம்தான். பொதுவாக 10 வயதிலிருந்து 30-களின் நடுப்பகுதிக்குள் அறிகுறிகள் தலைகாட்டுகின்றன. அதாவது, பொதுத் தேர்வு, கல்லூரி, முதல் வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை வேகமெடுக்கும் காலம்.

கவனிக்க வேண்டிய 5 அறிகுறிகள்

1. அடக்க முடியாத பகல் தூக்கம்: கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும் முக்கியமான அறிகுறி. குறைந்தது மூன்று மாதங்களாவது தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிடும்போதுகூட வரலாம். சிலர் தூக்கத்திலேயே கை வேலையைத் தொடர்வார்கள். நோட்டில் எழுத்து நேராக வந்து, திடீரென்று கோணலாகி, வெறும் கிறுக்கலாக இறங்கியிருக்கும். எழுதியவருக்கே அது நினைவிருக்காது. கூடுவாஞ்சேரியில் இறங்க வேண்டியவர் வாரத்தில் பல நாள் தாம்பரத்தில் கண் விழிப்பதும், இரவுத் தூக்கம் போதுமான அளவு இருந்தால், குறித்துவைக்க வேண்டிய செய்தி.

2. சிரித்தால் தளரும் உடல்: கேட்டப்ளெக்ஸி என்பது இதன் பெயர். வாய்விட்டுச் சிரிக்கும்போது, திடீர் மகிழ்ச்சி அல்லது கோபம் வரும்போது, முழங்கால் மடங்கும், தாடை தொங்கும், கையிலிருக்கும் டம்ளர் நழுவும். சிலர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிடுவார்கள். சில நொடிகள் முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள் வரை நீடிக்கும். இந்த நேரத்தில் நினைவு தப்பாது. சுற்றிலும் பேசுவது எல்லாம் காதில் விழும். இதை வலிப்பு என்று நினைத்து கையில் இரும்பைத் திணிப்பவர்கள் உண்டு. நார்கோலெப்ஸி உள்ள எல்லோருக்கும் கேட்டப்ளெக்ஸி வருவதில்லை. இருந்தால், அது மிக வலுவான தடயம்.

3. 'அமுக்குவான் பேய்': தூங்கப்போகும்போதோ விழிக்கும்போதோ, கண் திறந்திருக்கும், உடலை அசைக்க முடியாது, கத்த நினைத்தாலும் குரல் வராது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஊர்களில் அமுக்குவான் பேய் என்று சொல்லப்படும் இதை, மருத்துவத்தில் ஸ்லீப் பாராலிசிஸ் என்கிறார்கள். ரெம் தூக்கத்தில் உடல் அசையாதபடி மூளை பூட்டிவைக்கும். அந்தப் பூட்டு திறப்பதற்குள் நினைவு விழித்துக்கொள்வதுதான் விஷயம். எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் எப்போதாவது இது வரும். பகல் தூக்கத்தோடு சேர்ந்து அடிக்கடி வந்தால், மந்திரிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

4. தூக்க விளிம்பில் தெரியும் உருவங்கள்: அறையில் யாரோ நடப்பதுபோல, கூப்பிடுவதுபோல, தொடுவதுபோலத் தத்ரூபமாக இருக்கும். கனவு, விழிப்புக்குள் கசிவதால் வருவது இது. மனநோய் என்றோ, காத்து கருப்பு என்றோ தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதைத்தான். தூங்கும்போதும் எழும்போதும் மட்டும் வருகிறதா, மற்ற நேரத்திலும் வருகிறதா என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வது உதவும்.

5. உடைந்த இரவுத் தூக்கம்: 'நாளெல்லாம் தூங்குபவருக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்?' என்று வீட்டில் கேட்பார்கள். நார்கோலெப்ஸி உள்ளவர்கள் படுத்ததும் தூங்கிவிடுவார்கள். ஆனால், இரவில் பலமுறை விழிப்பு வரும். பகலில் தூங்குவதால்தான் இரவில் விழிப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டுமே ஒரே கோளாறின் இரு முகங்களாக இருக்கலாம்.

குழந்தைகளிடம் வேறு மாதிரி

சின்னப் பிள்ளைகள் தூக்கம் வந்தால் எப்போதும் தூங்கி விழ மாட்டார்கள். தூக்கத்தோடு போராடி, எரிந்து விழுவார்கள், ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவார்கள், கவனம் சிதறும். சேட்டை என்று முதுகில் இரண்டு வைப்பதோடு விஷயம் முடிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு முகம் தளர்ந்து, வாய் திறந்து, நாக்கு வெளியே தெரியும். குறுகிய காலத்தில் உடல் எடை திடீரென்று ஏறுவதும் சிலரிடம் காணப்படுகிறது. பகல் தூக்கத்தை விட்டுவிட்ட ஏழெட்டு வயதுப் பிள்ளை, மறுபடியும் தினமும் பகலில் தூங்க ஆரம்பித்தால், பெற்றோரும் ஆசிரியரும் அதைப் பேசிக்கொள்ள வேண்டும்.

சினிமாவில் பார்த்ததும் நிஜமும்

தமிழ் ரசிகர்களில் பலர் இந்தப் பெயரை முதலில் கேட்டது, 2014-ல் திரு இயக்கத்தில் விஷால் நடித்த 'நான் சிகப்பு மனிதன்' படத்தில்தான். நாயகனுக்கு நார்கோலெப்ஸி. உணர்ச்சி உச்சத்துக்குப் போனால் அப்படியே தூங்கிவிடுவார். நோயின் பெயரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் படம்.

நிஜத்தில், உணர்ச்சி வேகத்தில் வருவது பெரும்பாலும் தசைத் தளர்ச்சி. அப்போது அவர் விழித்துத்தான் இருக்கிறார். தூக்கமோ, சலிப்பான, அமைதியான நேரங்களில் அதிகம் அமுக்கும். பலருக்கு நோய் இவ்வளவு நாடகத்தன்மையோடு இருப்பதும் இல்லை. சிரிக்கும்போது லேசாக வாய் குழறுவது, தலை ஒரு நொடி தொங்குவது என்ற அளவிலேயே இருக்கலாம். 'பொத்தென்று விழவில்லையே, அப்புறம் என்ன நார்கோலெப்ஸி?' என்று நினைத்துவிடக் கூடாது.

எல்லாப் பகல் தூக்கமும் நார்கோலெப்ஸி இல்லை

இதைப் படித்ததும் பயப்படத் தேவையில்லை. பகல் தூக்கத்துக்கு மிகச் சாதாரணமான காரணம், போதுமான அளவு தூங்காததுதான். விடிகாலையில் வலை இழுத்துவிட்டு வந்த மீனவர் மதியம் தூங்குவதும், நைட் ஷிஃப்ட் முடித்தவர் பகலில் தூங்குவதும் உடல் கேட்கும் கூலி. இரவில் மொபைலைக் கீழே வைக்காத பிள்ளைக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது, ஸ்லீப் ஆப்னியா. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலைவலி, வாய் வறட்சி இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நார்கோலெப்ஸியைவிட இது பல மடங்கு அதிகமானவர்களுக்கு இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, மது, சளி மற்றும் அலர்ஜிக்கான சில மாத்திரைகள், மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள் ஆகியவையும் தூக்கத்தைத் தரும். இவற்றைப் பார்த்து விலக்கிய பிறகே மருத்துவர் நார்கோலெப்ஸியை நோக்கி வருவார்.

மருத்துவரிடம் போகும் முன் 2 வார நோட்டு

'எப்பவும் தூக்கமா வருது டாக்டர்' என்று சொன்னால், இரும்புச்சத்து மாத்திரையோடு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் எழுதிய ஒரு பழைய நோட்டு, பேச்சின் போக்கையே மாற்றிவிடும். அதில் இருக்க வேண்டியவை:

- படுத்த நேரம், எழுந்த நேரம், இரவில் எத்தனை முறை விழிப்பு.
- பகலில் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் தூங்கினார். எழுந்தபோது தெளிவாக இருந்ததா?
- சிரிப்பு, கோபத்தின்போது உடல் தளர்ந்ததா? நினைவு இருந்ததா? முடிந்தால் வீட்டில் இருப்பவர் மொபைலில் வீடியோ எடுக்கலாம்.
- டீ, காபி, மது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்.
- ஷிஃப்ட் வேலை என்றால் எந்த நாள் எந்த ஷிஃப்ட்.
- குறட்டை பற்றி, பக்கத்தில் படுப்பவர் சொல்வது.

மருத்துவர்கள் பயன்படுத்தும் 'எப்வொர்த்' என்ற கேள்வித்தாளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1991-ல் உருவானது. டி.வி. பார்க்கும்போது, படிக்கும்போது, வண்டியில் பயணியாகப் போகும்போது என 8 சூழல்களில் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24-க்கு 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது என்று கொள்வார்கள். இது தூக்கத்தின் அளவைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

எங்கே போவது, என்ன பரிசோதனை?

முதலில், அருகிலுள்ள பொது மருத்துவர் போதும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் காட்டி, அங்கிருந்து நரம்பியல் மருத்துவரின் ஆலோசனைக்குப் பரிந்துரை கேட்கலாம். வழி தெரியவில்லை என்றால், தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

நோயை உறுதிசெய்யும் பரிசோதனை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில், பாலிசோம்னோகிராபி. இரவு முழுக்கத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வேண்டும். தலை, கண் ஓரம், தாடை, மார்பு, கால்களில் சென்சார் ஒட்டி, மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பதிவுசெய்வார்கள். ஊசி, வலி எதுவும் இல்லை. ஸ்லீப் ஆப்னியா இருந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த நாள் பகலில், எம்.எஸ்.எல்.டி. என்ற பரிசோதனை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு அல்லது ஐந்து தடவை, இருட்டறையில் படுக்கச் சொல்வார்கள். எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறார், ரெம் தூக்கம் எப்போது வருகிறது என்று பார்ப்பார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, குறைந்தது இரண்டு முறை ரெம் தூக்கம் 15 நிமிடத்துக்குள் வந்திருந்தால், நார்கோலெப்ஸியை அது சுட்டுகிறது. முந்தைய இரவின் பதிவில் ரெம் அப்படி வந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீரில் ஓரெக்ஸின் அளவைப் பார்ப்பதும் உண்டு. ஆனால், அந்த வசதி மிகச் சில இடங்களிலேயே இருக்கிறது.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு வாரம் சரியான நேரத்துக்குத் தூங்குவது ரொம்ப முக்கியம். தூக்கம் குறைந்தவருக்கும், ஷிஃப்ட் மாறி மாறிப் பார்ப்பவருக்கும் முடிவு தவறாக வரலாம். மனச்சோர்வு மாத்திரைகள் ரெம் தூக்கத்தை அடக்கிவிடும் என்பதால், அவற்றை நிறுத்த வேண்டுமா, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை மருத்துவரே முடிவுசெய்வார். நீங்களாக நிறுத்தக் கூடாது.

'ஸ்லீப் லேப்' என்று போர்டு இருக்கும் எல்லா இடத்திலும் பகல் பரிசோதனை செய்வதில்லை. பல இடங்களில் குறட்டைக்கான இரவுப் பரிசோதனை மட்டும்தான். பணம் கட்டும் முன், 'எம்.எஸ்.எல்.டி. செய்வீர்களா, அறிக்கையை யார் பார்ப்பார்கள், மொத்தம் எவ்வளவு?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை உண்டா?

அழிந்த செல்களைத் திரும்பக் கொண்டுவர இன்று மருந்து இல்லை. ஆனால், அறிகுறிகளைக் கட்டுக்குள் வைத்துப் படிக்கவும், வேலை பார்க்கவும், குடும்பம் நடத்தவும் முடியும். அமெரிக்க டி.வி. தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல், தனக்கு நார்கோலெப்ஸி இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். வேலையோ, இரவு நிகழ்ச்சியை நடத்துவது.

விழிப்பைத் தக்கவைக்க மோடாஃபினில், ஆர்மோடாஃபினில் போன்ற மாத்திரைகளும், கேட்டப்ளெக்ஸிக்குச் சில மனச்சோர்வு மருந்துகளும் தரப்படுகின்றன. பகலில் நேரம் குறித்து 15–20 நிமிடம் போடும் குட்டித் தூக்கமும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழுவதும், மதியம் வயிறு முட்டச் சாப்பிடாமல் இருப்பதும் கைகொடுக்கும்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: மோடாஃபினில், கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். கர்ப்ப காலத்தில் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எனவே, திருமணம், குழந்தைத் திட்டங்களை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'விடிய விடியப் படிக்கலாம்' என்று இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் மாணவர்களுக்கும் எச்சரிக்கை: இது மருத்துவர் பரிந்துரையில் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மனநிலை மூன்றையும் பாதிக்கலாம்.

நோய் உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாதவை

பரிசோதனைக்கு நாள் கிடைக்க வாரங்கள் ஆகலாம். பாதுகாப்பை அதுவரை தள்ளிப்போட முடியாது. பகலில் அடக்க முடியாமல் தூங்குபவர், மருத்துவர் சொல்லும்வரை பைக்கோ காரோ ஓட்ட வேண்டாம். பரனூர் சுங்கச்சாவடி தாண்டியதும் தூக்கம் வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைப்பதெல்லாம் பயன்தராது. ஓரங்கட்டி நிறுத்துவது ஒன்றே வழி. ஓட்டுநர் உரிமத்துக்கான சுய அறிவிப்புப் படிவத்திலேயே, திடீர் நினைவிழப்பு, தலைச்சுற்றல் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு என்ன பதில் எழுதுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதுவது நல்லது.

கடலில் தனியாக இறங்குவது, படகில் தனியே போவது, கல் அறுக்கும் மெஷினைத் தனியே இயக்குவது, உயரத்தில் ஏறுவது ஆகியவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கைதான்.

முதல் தடவை ஒருவர் சரிந்து விழுந்தால், கேட்டப்ளெக்ஸியாக இருக்கும் என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. நினைவு தப்பினால், ஒரு பக்கக் கை கால் செயலிழந்தால், வாய் கோணினால், நெஞ்சு வலித்தால், உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

குடும்பம் செய்யக்கூடியது

பெண் பிள்ளைக்கு இப்படி ஒரு பிரச்னை என்று தெரிந்தால், 'வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகாது' என்று மூடி மறைக்கும் வீடுகள் உண்டு. மறைத்த நோய் மாமியார் வீட்டில் 'வேலைக்குச் சோம்பல்' என்ற பெயரில் வெளியே வரும். சொல்லிச் செய்வதே அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு.

பள்ளியிலும் சொல்லலாம். மதிய இடைவேளையில் 20 நிமிடம் தலைசாய்க்க ஓர் இடம், முக்கியமான பாடத்துக்கு முன் ஒரு சிறு நடை, எழுதாமல் விட்ட குறிப்பை வாங்கிக்கொள்ள ஒரு தோழி. இவை காசு செலவில்லாத உதவிகள். தொழிற்சாலையில் என்றால், மருத்துவர் கடிதத்தோடு நைட் ஷிஃப்ட்டிலிருந்து விலக்கு கேட்கலாம்.

உங்கள் வீட்டில் ஒருவர் போதுமான அளவு தூங்கியும் மூன்று மாதங்களாகப் பகலில் தூங்கி வழிகிறார் என்றால், இனி அவரைத் திட்டி எழுப்ப வேண்டாம். இன்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் கழித்து, அந்த நோட்டோடு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.